ட்ரம்மைப் பொட்டலம் கட்டியவன்

நான் ஒரு பெரிய கடையில் பரிசுப் பொட்டலம் கட்டுகிறவன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் "ஓ" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "அது மட்டுந்தானா?" என்பார்கள். அது மட்டும்தான். எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் தாள் சுற்றி, ஓரம் மடித்து, ஒட்டு எங்கே இருக்கிறதென்று வாங்கியவரே தடவித் தேடும்படி செய்துவிடுவேன். குடை கட்டியிருக்கிறேன், வாணலி கட்டியிருக்கிறேன், குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி கட்டியிருக்கிறேன். ஒருமுறை கூண்டோடு ஒரு கிளி வந்தது. கிளி ஒத்துழைக்கவில்லை.

என் மனைவியின் அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பொட்டலம்'. மரியாதை பொங்குகிற சமயங்களில் 'பொட்டலம் மாப்ள'. அவர் ஒரு சரக்கு வேன் ஓட்டுகிறார். வேனில் சரக்கு இல்லாத நேரமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பார். நிறைய நேரம் சரக்கு இருக்காது.

மனைவி நர்ஸ். எலும்பு முறிவு வார்டு. அங்கே காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு ட்ரம்காரர், பொழுது போகாமல் தன் மாவுக்கட்டின் மேலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தாராம். அதட்டப் போன இவள், "இன்னொரு தடவ அடிங்க" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றிருக்கிறாள். கட்டுப் பிரிப்பதற்குள் இவளுக்கு அடிப்படைத் தாளங்கள் வந்துவிட்டன. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் விடுமுறை நாட்களில் அவர் வீட்டுக்கே போய்ப் படித்தாள். எங்கள் மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போய், வீடு வாயடைத்துக் கிடந்த காலம் அது. பின்னால் அவருடைய கச்சேரிக் குழு கலைந்தபோது, அவருடைய ட்ரம் செட் எங்கள் கூடத்தில் வந்து இறங்கியது. நாற்காலிகள் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன.

காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம் ஒன்று, மடிக்கு நேரே இருக்கும் ஸ்நேர் ஒன்று, டாம் என்கிற நடுத்தர ட்ரம்கள் இரண்டு, பித்தளைத் தட்டுகள். சத்தத்தில் குறை சொல்ல முடியாது. தோற்றத்தில்தான் வில்லங்கம். கறுப்பு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு, நெருப்பின் நடுவே பல்லை இளித்துக்கொண்டு ஒரு மண்டை ஓடு. ட்ரம்முக்கு ஒன்று வீதம். சின்ன டாமில் இருந்தது கண் வேறு அடித்தது.

"இருந்துட்டுப் போகட்டும். நான் உக்கார்ற பக்கத்துல இருந்து பாத்தா அது தெரியப்போறதில்ல," என்றாள் அவள்.

தெரிந்தது மயக்க டாக்டருக்கு. அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். மருத்துவமனை ஊழியர்களின் இசைக்குழுவை நடத்துவதும் அவர்தான். கீபோர்டு வாசிப்பார். அவர் வாசிக்க ஆரம்பித்தால் மருந்து மிச்சம் என்பது மச்சானின் அபிப்பிராயம். நோயாளிகளுக்காக அங்கே அவ்வப்போது கச்சேரி வைப்பார்கள். குழுவில் ட்ரம் அடித்தவர் வேலை மாறிப் போய்விட, அந்த இடம் காலியானது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மனைவி. மற்றவர் எக்ஸ்ரேக்காரர். அவரிடம் பைக்குள் மடித்து வைக்கிற மின்சார ட்ரம் இருந்தது. சனிக்கிழமை காலை இருவரும் வாசித்துக் காட்ட வேண்டும், யாரென்று குழு அன்றே முடிவு செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். எனவே இவள் தன் செட்டைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார்.

"சிஸ்டர், படம் பாத்தேன். உங்க எலும்பு வார்டுக்கு ரொம்பப் பொருத்தம். ஆனா இதய வார்டு ஆளுங்களும் வந்து உக்காருவாங்களே."

போனை வைத்துவிட்டு, "மேல ஒரு துணியப் போட்டு மூடிக்கிறேன்," என்றாள்.

எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "துணியா? பொட்டலக்காரன் பொண்டாட்டி துணி போட்டு மூடிட்டுப் போறதா? நான் புது உறை போட்டுத் தரேன்."

"சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

"எங்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"உங்ககிட்டதான் கேக்குறேன். அதனாலதான் பயமா இருக்கு."

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், சீருடையை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நெசமாவே சொல்றேன். வார்டுல பெல் அடிச்சா ஓடுறேன், டாக்டர் கூப்பிட்டா ஓடுறேன், நோயாளியோட மாமியார் கூப்பிட்டாக்கூட ஓடுறேன். எல்லாம் அவங்கவங்க வேகத்துக்கு. அந்த ட்ரம் ஸ்டூல்ல உக்காந்தா மட்டும், நான் போற வேகத்துக்கு அத்தன பேரும் வரணும். எனக்கு அந்த ஸ்டூல் வேணும்."

இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்ததில் அவள் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவை மிகக் குறைவு. கடைசியாகச் சொன்னது குக்கர் மூடிக்கு ரப்பர்.

நிறத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். சிவப்பு வேண்டாம், தினமும் பார்க்கிற ரத்தம் போதும். வெள்ளை வேண்டாம், படுக்கை விரிப்பு. பச்சை வேண்டவே வேண்டாம், ஆபரேஷன் தியேட்டர் திரை. எல்லாம் போக மிஞ்சியது கத்தரிப்பூ நிறம். இசைக் கருவிகள் விற்கிற கடையில், வெளிச்சம் பட்டால் லேசாக மின்னுகிற மாதிரி அந்த நிறத்தில் ஓர் உறைச் சுருள் கிடைத்தது.

அந்த வாரம் அவளுக்கு இரவுப் பணி. காலையில் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். நான் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கூடத்துக்குக் குறுக்கே ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். முடிகிற வரை அவள் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ட்ரம் இல்லாததால் அவள் சமையலறையில், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தாள்.

முதலில் வளையங்களைக் கழற்றினேன். பிறகு அடிக்கிற தோலை. பிளாஸ்டிக்தான், ஆனாலும் தோல் என்றுதான் பெயர். அப்புறம் பக்கவாட்டில் வரிசையாக இருந்த இரும்புக் குமிழ்கள். திருகுகளை டம்ளர் டம்ளராகப் போட்டு வைத்தேன். மச்சான் வந்தவர் ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

"மாப்ள, உடம்புல இரும்புச் சத்து கம்மின்னு டாக்டர் சொன்னாருதான். அதுக்காக இப்படியா?"

"மெதுவா பேசுங்க மச்சான். உள்ள தூங்குறா."

"அவ தூங்கட்டும். முழிச்சு இதெல்லாம் பாத்தா அப்புறம் தூக்கமே வராது."

மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து உறையின் மேல் சூடு காட்டினேன். மண்டை ஓட்டின் சிரிப்பு முதலில் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அடியில் பசை இளகி, மெல்ல உரிந்து வந்தது. உள்ளே வெளிறிய மரம். பழைய பசை அங்கங்கே கட்டி கட்டியாக நின்றது. அதைச் சுரண்டி, பள்ளங்களில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். சத்தம் கேட்காமல் உப்புத்தாள் தேய்ப்பது எப்படி என்று யாராவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லவும். தூசி வீடெங்கும் படிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு என் அப்பா தெரிந்தார்.

அடுத்தது பசை. அது ஒரு தினுசான பிறவி. மரத்திலும் தடவ வேண்டும், உறையின் முதுகிலும் தடவ வேண்டும். விரலில் ஒட்டாத பதத்துக்கு உலரும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் இரண்டும் ஒருமுறை தொட்டால் தொட்டதுதான். நகர்த்தவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது.

"என் தங்கச்சி உங்ககிட்ட மாட்டின மாதிரி," என்றார் மச்சான்.

இந்த இடத்தில்தான் என் தொழில் குறுக்கே வந்து விழுந்தது. உறையை விற்ற கடைக்காரர், ட்ரம்மின் உயரத்தைவிட ஒரு நூல் குறைத்தே வெட்டச் சொல்லியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. குறைத்து வெட்டினால் மேலேயும் கீழேயும் வெட்டுமுனை தெரியாதா? அப்படி ஒரு பொட்டலத்தை நான் கவுன்டரில் நீட்டினால் மேலாளர் என்னையே தாளில் சுற்றி அனுப்பிவிடுவார். அந்த மனுஷருக்குப் பாவம், ஓரம் மடிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனவே தாராளமாகவே வெட்டினேன். மிச்சத்தைச் சின்னச் சின்ன நாக்குகளாகக் கத்தரித்து, ட்ரம்மின் விளிம்புக்கு மேலாக உள்பக்கம் மடித்து, ஒவ்வொன்றையும் கொசுவம் பிடித்த மாதிரி அடுக்கி ஒட்டினேன். வட்ட விளிம்பில் கொசுவம் பிடிப்பது எல்லோருக்கும் வராது. பிஸ்கட் டின் கட்டிக் கட்டி வந்த கை. நான்கு ட்ரம்களும் முடிந்தபோது, வெட்டுமுனை என்று ஒன்று கண்ணில் படவில்லை. தோலை வைத்து வளையத்தை இறக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தது. முழங்காலால் அழுத்தித் திருகை முடுக்கினேன். என் வாழ்நாளிலேயே சிறந்த பொட்டலம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

மச்சான் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் சரி மாப்ள. ரிப்பன் எங்க?"

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் தூங்கி எழுந்ததும் போர்வையை விலக்கிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சன்னல் வெளிச்சத்தில் கத்தரிப்பூ மின்னிக்கொண்டிருந்தது. பெரிய ட்ரம்மைக் கையால் தடவினாள். ஒட்டைத் தேடினாள். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் நான் கிட்டத்தட்ட இரண்டு அடி உயர்ந்தேன்.

பொட்டலம் கட்டுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. அதைப் பிரிக்கிற முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அது எங்கோ, யார் வீட்டிலோ நடக்கும். அன்றைக்கு நான் பார்த்தேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, குச்சியை எடுத்து ஸ்நேரில் ஒரு தட்டு தட்டினாள்.

'பொத்' என்றது.

இன்னொரு தட்டு. நனைந்த துணி மூட்டை மாடிப்படியில் விழுந்த மாதிரி அதே 'பொத்'. பெரிய ட்ரம்மை மிதித்தாள். அது அதைக்கூடச் சொல்லவில்லை. திருகுகளை முடுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள். தோலில் ஒரு பக்கம் சுருக்கம் விழுந்தது, அதைச் சரிசெய்தால் மறுபக்கம் விழுந்தது. ஸ்நேரின் வளையத்தைக் கழற்றித் தோலை எடுத்தாள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். என் கொசுவங்கள் ஒவ்வொன்றிலும் அவள் விரல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது என்னது?"

"மடிச்சிருக்கேன்," என்றேன். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

"என்னங்க, தோல் உக்கார்ற இடமே இந்த விளிம்புதான். வெறும் மரம் மேல, சுத்திலும் சமமா உக்காரணும். அப்பதான் சத்தம் வரும். இப்ப மேடு பள்ளமா இருக்கு. தோல் எங்க உக்காரும்?"

"நாலுலயும் அப்படித்தான் மடிச்சிருக்கேன்," என்றேன். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மச்சான் வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் அப்படி மூடி நான் பார்த்ததே இல்லை. அதிலேயே எனக்கு நிலைமை புரிந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது உளறி, இரண்டு பேரும் சிரித்திருப்போம். எழுந்து, குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"எக்ஸ்ரேக்காரருக்கே இருக்கட்டும். நான் டாக்டர்கிட்ட போன் பண்ணிச் சொல்லிடுறேன்," என்று சமையலறைக்குப் போனாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு ஸ்நேரின் முன்னால் உட்கார்ந்தேன். விளிம்பை ஒட்டி ஒரு கொசுவத்தைக் கீறி, நுனியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தேன். தொட்டால் விடாத பசை ஆயிற்றே. உறையோடு மரச் சிலும்பும் சேர்ந்து வந்தது. இன்னொன்றை இழுத்தேன். இன்னொரு சிலும்பு.

"மாப்ள, விட்டா ட்ரம்மையே உரிச்சிடுவீங்க," என்றார் மச்சான், இந்த முறை கேலியில்லாமல்.

அப்போது பின்னாலிருந்து அவள் குரல். "அப்படி இழுக்காதீங்க."

கையில் போன் இருந்தது. இன்னும் கூப்பிடவில்லை.

"காயத்துல ஒட்டுன பிளாஸ்டரப் பிரிக்கிறப்ப யாராவது மேல தூக்கி இழுப்பாங்களா? ஆளு கத்திடுவான். தோல ஒரு விரலால அழுத்திப் பிடிச்சுக்கணும். பிளாஸ்டர அப்படியே தாழ்வா, அது வந்த வழிக்கே மடிச்சு, மெதுவா இழுக்கணும். தள்ளுங்க."

நான் தள்ளினேன். ஹேர் டிரையரை என் கையில் கொடுத்து, எங்கே காட்ட வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னாள். சூடு பட்ட இடத்தில் மரத்தை அழுத்திப் பிடித்து, கொசுவத்தைத் தாழ்வாக இழுத்தாள். சிலும்பு இல்லாமல் வந்தது. "கொஞ்சம் வலிக்கும், அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு," என்றாள். ட்ரம்மிடம்தான் சொன்னாள். எனக்கும் பொருந்தியது.

ஒரு பக்கம் அவள் பிரிக்க, மறுபக்கம் நான் விளிம்புக்குக் கீழே கத்தியால் நேராக அறுத்துக்கொண்டு வந்தேன். மச்சான் மிஞ்சிய பசையைத் துணியால் துடைத்தார். நான் கிளப்பிய சிலும்புகளில் அவளே பட்டி வைத்து, விரல் நுனியால் சமப்படுத்தினாள். என் சிறந்த பொட்டலம் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. சன்னல் வெளிச்சம் மங்குவதற்குள் ஸ்நேர் முடிந்தது, பெரிய ட்ரம்மின் இரண்டு பக்கமும் முடிந்தன. இப்போது வெட்டுமுனை அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கங்கே கோணலும் இருந்தது.

அவள் தோலை மாட்டித் தட்டினாள். 'டக்' என்று கூடமே திரும்பிப் பார்த்தது.

"டாம் ரெண்டும் பாக்கி இருக்கே," என்றார் மச்சான்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. இத வச்சே அடிக்கிறேன்."

"ராத்திரி நான் உக்காந்து மீதியப் பிரிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "நீங்க அதத் தொடவே கூடாது. அண்ணே, இவர் அதத் தொடாம பாத்துக்கோ." போகிற போக்கில் என் சட்டையிலிருந்து ஒரு கத்தரிப்பூத் துணுக்கை எடுத்து எறிந்துவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலை மச்சானும் நானும் இரண்டே ட்ரம்களையும் தட்டுகளையும் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒத்திகை, உடற்பயிற்சி சிகிச்சைக் கூடத்தில். ஓரத்தில் ஊன்றுகோல்கள், நடை பழகுகிற கம்பிகள். அவள் இரவுப் பணி முடிந்து சீருடையோடே வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

டாக்டர் செட்டைப் பார்த்தார். "சிஸ்டர், படத்துல இன்னும் ரெண்டு ட்ரம் இருந்துச்சே?"

"அதுங்க இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல டாக்டர்."

கூடத்தில் சிரிப்பு. வெளியாட்கள் இருக்கக் கூடாது என்று எங்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டு நன்றாகவே கேட்டது.

முதலில் எக்ஸ்ரேக்காரர். சும்மா சொல்லக் கூடாது, அவர் ட்ரம்மில் ஒவ்வோர் அடியும் அச்சடித்த மாதிரி விழுந்தது. இடையிடையே உருண்டு வரும் அடிகள், மழைச் சத்தம், கைத்தட்டல்கூட அதிலேயே இருந்தது. பாடியது மருந்துக் கடை அம்மா. நல்ல குரல், ஆனால் நடுச் சரணத்தில் வரி மறந்துவிடும் என்று மனைவி சொல்லியிருந்தாள். மறந்தது. ட்ரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மா பின்னாலேயே ஓடிவந்து, பிடிக்க முடியாமல் நின்றுவிட்டார்.

"பஸ்ஸ விட்டுட்டாங்க," என்றார் மச்சான்.

பிறகு இவள். இரண்டு ட்ரம்களில் பெரிதாக என்ன வித்தை காட்ட முடியும்? பெரிய ட்ரம், ஸ்நேர், பெரிய ட்ரம், ஸ்நேர். டாம்கள் இருந்தால் இந்த இடத்தில் ஓர் உருட்டு உருட்டியிருப்பாள் என்று ஒவ்வொரு வரி முடிவிலும் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் சும்மா கடந்துபோனது. அது நான் பண்ணிய ஓட்டை.

அதே சரணம் வந்தது. அதே இடத்தில் மறுபடியும் வரி மறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தாளம் நிற்கவில்லை. ஆனால் முன்னாலும் போகவில்லை. அதே அடியைத் திரும்பத் திரும்ப, கொஞ்சம் தணித்து அடித்துக்கொண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. மயக்க டாக்டரின் கீபோர்டும் புரிந்துகொண்டு கூடவே சுற்றியது. அந்த அம்மா மூச்சு வாங்கினார். வரி வந்தது. சரியாக அந்த மூச்சு முடிகிற இடத்தில் ஸ்நேர் 'டக்' என்று விழுந்து, பாட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கடைசி வரை போய் முடிந்தது.

மச்சான் என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அதுவும் தாளத்தில்தான் விழுந்தது.

உள்ளே பேச்சுச் சத்தம். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வெகுநேரமாக ஒன்றும் புரியவில்லை. எக்ஸ்ரேக்காரர் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்து நின்றார். "ஸ்டூல் உங்க வீட்டம்மாவுக்குத்தானாம். மழைச் சத்தம் வேணும்னா மட்டும் என்னக் கூப்பிடுவாங்களாம்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

ட்ரம்களைத் தூக்கிச் செல்லப் போர்வைகளை எடுத்துக்கொண்டு எழுந்தோம். கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள்.

"அத எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"ட்ரம்ம சுத்த வேணாமா?"

"ட்ரம் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. இனிமே அதுக்கு இதான் இடம்." சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கலரப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் யோசித்துப் பார்த்தாள். "யாரும் ஒண்ணும் சொல்லலையேங்க."

வேனில் முன்னிருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் மடியில் வெறும் போர்வைகள். வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

"அடுத்த வாரம் டாம் ரெண்டும் வேணுமாம்," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"நான்தான் தொடக் கூடாதே."

"தொடலாம். நான் தூங்கி எழுந்ததுக்கு அப்புறம். நீங்க டிரையர் பிடிங்க."

மச்சான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, பேசாம வண்டிய ஓட்டு. மெதுவா ஓட்டு," என்றாள். மச்சான் வேகத்தைக் குறைத்தார்.

அவள் தூங்கிப்போனாள்.